பந்தில் மஞ்சள் பூசக் கூடாது

தெற்கு இத்தாலியப் பெண்களுக்கான 'கேலிக்' (Gaelic) கால்பந்துப் போட்டியின் விதிகளை அச்சடித்து, பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் இருக்கும் எங்கள் மைதானத்தின் உடைமாற்றும் அறையில் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாம் நியாயமான விதிகள். நகம் வெட்டியிருக்க வேண்டும், தோடு கழற்றியிருக்க வேண்டும், மத்தியஸ்தரைத் திட்டக் கூடாது. கடைசி விதிக்கு வரும்போது மட்டும் புதிதாக விளையாட வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "பந்தின் மேல் மஞ்சளோ வேறு சமையல் பொருளோ பூசக் கூடாது." இப்படியொரு விதி உலகத்தில் வேறெந்த மைதானத்திலும் கிடையாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். அதற்குக் காரணமானவர் என் மனைவி பரமேஸ்வரி.

போன கிழமை சுதன் போன் எடுத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான், கிளிநொச்சிக்காரர்.

"அண்ணை, கோல் கம்பத்துக்குப் பின்னாலை கமரா பூட்டிப்போட்டாங்கள். இனி ஒருத்தரும் கொடிக்காரரோடை சண்டை பிடிக்க ஏலாது."

"ஆர் வாங்கிக் குடுத்தது?"

"கட்டானியா மிஸ்டர். தன்ரை செலவிலை."

நான் சிரித்த சிரிப்பில் பரமேஸ்வரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மிஸ்டர்" என்றால் இங்கே பயிற்சியாளர். கட்டானியா எங்களோடு மோதுகிற அணிகளில் ஒன்று. அந்த மனிதன் எதற்காகக் கைக்காசு போட்டுக் கமரா வாங்கினான் என்பது சுதனுக்குத் தெரியாது.

"அண்ணை, அந்த மஞ்சள் கதையைச் சொல்லுங்கோவன். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லினம். ஒராள் சொல்லுறார், நீங்கள் சூனியம் செய்தனீங்களாம்."

சூனியம் செய்யத் தெரிந்திருந்தால் நான் ஏன் பத்து வருடம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்? போனில் சொல்லி முடிகிற கதையில்லை இது. அதனால் எழுதிவிடுகிறேன்.

சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த குடும்பம் நாங்கள். முதலில் பொலிதேயாமாப் பக்கம் அலுவலகக் கட்டடங்களின் படிகளைக் கழுவினேன். பிறகு ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்ளும் வேலை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டார் என்று சொல்வதே பொருத்தம். எனக்கு இத்தாலியன் படிப்பித்தது அவர்தான். அவர் காலமானதும் தேவாலயப் பங்குக்குச் சொந்தமான மண் மைதானத்தில் குஸ்தோதே, அதாவது காவலாளி, வேலை கிடைத்தது. படலை திறப்பது, புழுதி அடங்கத் தண்ணீர் அடிப்பது, சுண்ணாம்பு கரைத்துக் கோடு போடுவது, யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறைக்குச் சோடி தேடுவது. என் உத்தியோகம் இவ்வளவுதான்.

இந்த நகரத்தில் நான் முதலில் படித்த சொல் "ஸ்கூசி". மன்னிக்கவும். அதைப் படித்த பிறகு வேறு சொல் படிக்க அவ்வளவு தேவை வரவில்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் வரிசையில் நின்றால் ஸ்கூசி. பேருந்தில் என் காலை மற்றவர் மிதித்தால் நான் ஸ்கூசி. மேல்வீட்டுச் சிஞ்ஞோரா கதவைத் தட்டினால், அவர் என்ன முறைப்பாட்டோடு வந்திருக்கிறார் என்று கேட்பதற்கு முன்னமே ஸ்கூசி. ஒருநாள் அவர் எங்களுக்குப் பலகாரம் கொண்டுவந்திருந்தார். அதற்கும் ஸ்கூசி சொல்லிவிட்டேன்.

வந்து ஒதுங்கிய சனம் வாய் காட்டக் கூடாது என்பது என் கொள்கை. அது பிழையென்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் என் மகள் தர்சினிக்கு அது பிடிக்கவேயில்லை. அவள் பலெர்மோவில் வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் யாரோ அவளுடைய பையைப் பறித்தார்கள், இவள் திருப்பி உதைத்தாள், ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். நான் போய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன், பையைப் பறித்தவனின் தகப்பனிடமும் சேர்த்து. அன்றைக்கு வீட்டு வாசலில் அவள் ஒன்று கேட்டாள்.

"ஏன் அப்பா நீங்கள் ஒருநாளும் என்ரை பக்கம் நிக்கிறேல்லை?"

அந்தக் கேள்வி பல வருடம் வீட்டிலேயே கிடந்தது. நானும் அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தேன்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். கேலிக் கால்பந்து அயர்லாந்துக்காரரின் ஆட்டம். பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம். ஆனால் ஓடும்போது சில எட்டுக்கு ஒருமுறை தரையில் தட்ட வேண்டும் அல்லது பாதத்தால் கைக்குத் தட்டிவிட வேண்டும். கோல் கம்பம் இரண்டும் வானம் பார்க்க உயர்ந்திருக்கும். குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. கீழால் உள்ளே போனால் கோல், மூன்று புள்ளி, பச்சைக் கொடி. கொடி காட்ட ஒவ்வொரு முனையிலும் வெள்ளை மேலங்கி போட்ட இரண்டு பேர் நிற்க வேண்டும். மருந்தாளர் போல இருக்கும் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால், சீசாவில் எனக்குத் தெரியாத ஆட்களெல்லாம் தங்கள் முழங்கால் நோவைப் பற்றிக் கதைப்பார்கள்.

இதையெல்லாம் எங்களுக்குக் கொண்டுவந்தவர் சிஞ்ஞோரா நோரா. அயர்லாந்துக்காரி, ஆங்கிலம் படிப்பிக்க வந்து பலெர்மோவிலேயே தங்கிவிட்டவர். போட்டியின் தலைவரும் அவர், மத்தியஸ்தரும் அவர். அவருடைய இத்தாலியனில் அயர்லாந்து மணக்கும், என்னுடையதில் வன்னி மணக்கும். நாங்கள் இருவரும் கதைத்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கும், பக்கத்தில் நிற்கும் இத்தாலியருக்குத்தான் ஒன்றும் விளங்காது.

நோரா சத்தம் போட்டு நான் கண்டதில்லை. இடுப்பில் எப்போதும் ஒரு அளவு நாடா தொங்கும். நான் கோடு போட்டு முடித்ததும் குனிந்து அளப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். பிறகு மிகவும் மரியாதையாக, "இன்னொரு முறை, சிவா, தயவுசெய்து" என்பார். திட்டினால் திருப்பி மனதுக்குள்ளாவது திட்டலாம். "தயவுசெய்து" என்பவரை என்ன செய்வது? துடைப்பேன், மண் போட்டு மூடுவேன், மறுபடி போடுவேன். கொடி காட்டவும் அவரே பழக்கினார். பந்தைப் பார், ஆளைப் பாராதே. கண்டதைக் காட்டு, கேட்டதைக் காட்டாதே. கொடியை உயர்த்தினால் நான் வரும்வரை இறக்காதே. மூன்றாவதை அவர் மூன்று தரம் சொன்னார்.

என்னோடு நின்ற மற்றக் கொடிக்காரன் தொத்தோ. கபோச் சந்தையில் மீன் விற்பவன். நல்ல மனிதன், ஆனால் வேலிக்கு அப்பால் நின்று யாராவது மத்தி மீன் விலை கேட்டால் திரும்பிப் பதில் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது.

நான் சொல்லப்போகும் அந்தப் பருவத்தில் தர்சினி பலெர்மோ அணியின் முன்வரிசையில் ஆடினாள். தோற்றால் வெளியே, மறு வாய்ப்பு இல்லை என்கிற போட்டி. எல்லா ஆட்டமும் எங்கள் மைதானத்தில்தான் நடந்தது. உயரக் கம்பம் வேறு எவரிடமும் இல்லை. எங்களுடையதும் சாதாரணக் கால்பந்துக் கம்பத்தில் நானும் தொத்தோவும் இரும்புக் குழாய் வைத்துக் கட்டியதுதான். முதல் ஆட்டத்தில் மெஸ்ஸீனாவை வென்றார்கள். பலெர்மோவின் வெற்றியில் பாதி மெஸ்ஸீனாவுக்குச் சேர வேண்டும். அவர்கள் பாதி ஆட்டம்வரை பந்தைக் கையால் தொடப் பயந்துகொண்டு ஆடினார்கள்.

அரையிறுதி ரெஜ்ஜியோ கலாப்ரியாவோடு. அதில் தர்சினி உயர அடித்த ஒரு பந்து சரியாக வலது கம்பத்தின் உச்சிக்கு மேலால் போனது. உள்ளேயா வெளியேயா என்று கடவுளுக்கும் சந்தேகம் வந்திருக்கும். நான் இரண்டு கையையும் விரித்து வெளியே என்று காட்டினேன். எப்படியோ அந்த ஆட்டத்தை வென்றுவிட்டார்கள், ஆனால் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வழக்கு நடந்தது.

"மா பப்பா," என்றாள் தர்சினி கோப்பையைத் தள்ளிவைத்தபடி. கோபம் வந்தால் 'ஆனால் அப்பா' என்பதும் அவளுக்கு முதலில் இத்தாலியனில்தான் வரும். "சந்தேகம் எண்டா அது எப்பவும் எனக்கு எதிராத்தானோ?"

"சனம் என்ன சொல்லும் பிள்ளை? தேப்பன் மகளுக்குக் குடுத்திட்டான் எண்டு சொல்லாதே?"

"சனம்! எப்ப பாத்தாலும் சனம்!"

பரமேஸ்வரி எனக்கு இரண்டாம் தரம் சோறு போடவில்லை. அவளுடைய தீர்ப்பு அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அரையிறுதியைப் பார்க்க மற்ற இறுதியாளரான கட்டானியாவின் மிஸ்டர் வந்திருந்தான். எந்நேரமும் வெள்ளைக் காற்சட்டை போடுகிற ஆள். இறுதி ஆட்டத்துக்கு யார் கொடி காட்டுவது என்று நோரா கேட்டபோது, அவனே என்னைக் கேட்டு வாங்கினான். "சொந்த மகளுக்கே இல்லை என்கிற மனிதன். எனக்கு இவர்தான் வேண்டும்" என்று சொல்லி என் கையைக் குலுக்கினான். ஊர் முழுக்க என் நேர்மையைப் பற்றிக் கதைத்தார்கள். என் வீட்டில் மட்டும் யாரும் கதைக்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்குப் புதுப் பந்து வந்தது. காற்று அடித்து வைக்கச் சொல்லி நோரா அதை என்னிடம் தந்தார். நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுதான் நடந்த அத்தனைக்கும் தொடக்கம். எங்கள் வீட்டில் புதுச் சட்டை என்றாலும் மூலையில் மஞ்சள் தொடாமல் போட விடமாட்டாள் பரமேஸ்வரி. துணி கழுவும் இயந்திரத்துக்கும் வைத்தாள். பந்து தூய வெள்ளையாக மேசையில் இருந்ததைக் கண்டவள் சும்மா இருப்பாளா? காலையில் நான் எழும்பிப் பார்த்தால், நாலு பக்கமும் குழைத்த மஞ்சள், நடுவில் குங்குமம்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறாய்? இது போட்டிப் பந்து!"

"புதுச் சாமான் எல்லே? பிள்ளை விளையாடப் போறாள். மஞ்சள் இல்லாமல் எப்பிடி?"

"அங்கை அயர்லாந்து மனுசி நாடாவோடை நிப்பா!"

"நில்லட்டும். அவவுக்கும் சேத்துத்தான் வைச்சனான்."

குங்குமத்தைத் துடைத்துவிட்டேன். மஞ்சள் போகவில்லை, இன்னும் நன்றாகப் பரவியது. மைதானத்தில் நோரா பந்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். ஆசீர்வாதம் என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி யோசித்தார். "என் அம்மா எங்கள் சப்பாத்துக்கெல்லாம் தீர்த்தம் தெளிப்பார்" என்று சொல்லிவிட்டு, இரண்டு அணித் தலைவிகளையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களுக்கும் ஆட்சேபம் இல்லை. பந்து ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது.

தகுதி பெறாதது என் கோடு. முதல்நாள் வேறு யாரோ விளையாடும்போது, நான் கொடி காட்ட வேண்டிய முனையில் கம்பத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள். நான் அதைக் கவனியாமல் கம்பத்துக்கு நேரே சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டேன். நோரா எல்லோரும் பார்க்க நாடாவை விரித்தார். "இன்னொரு முறை, சிவா, தயவுசெய்து." இரண்டு அணிகளும் சேர்ந்து கம்பத்தை ஒரு முழம் முன்னுக்குத் தூக்கி வைத்தன. கட்டானியா மிஸ்டரும் வெள்ளைக் காற்சட்டையோடு ஒரு கை கொடுத்தான். பழைய கோட்டை மண் தூவி மூடிவிட்டு, முன்னால் புதுக் கோடு போட்டேன். பிறகு வழக்கம்போலத் தண்ணீர் அடித்தேன்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டாம் பாதியில் பலெர்மோ என் முனையை நோக்கி அடிக்க வேண்டியிருந்தது. கட்டானியாப் பெண்கள் கெட்டிக்காரிகள், விட்டுக்கொடுக்கவில்லை. அந்த முனையில் கோல் ஒன்றும் விழவில்லை. எனக்கு வெள்ளைக் கொடி மட்டும்தான் வேலை. முடியப்போகும் நேரத்தில் கட்டானியா இரண்டு புள்ளி முன்னால். ஒரு கோல் அடித்தால் கிண்ணம் எங்களுக்கு.

தர்சினி நடுவில் பந்தைப் பிடித்தாள். ஒருத்தியைக் கடந்தாள், இன்னொருத்தியைத் தோளால் தள்ளினாள், அடித்தாள். பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு, வேகமாகக் கீழே விழுந்து, குதித்து வெளியே வந்தது. கோல் காவலாளி பாய்ந்து பிடித்துத் தூர எறிந்துவிட்டாள். எல்லாம் கண் இமைக்கிற நேரத்தில் முடிந்தது.

நான் பந்தைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. கொஞ்சமும் சந்தேகம் இல்லை. என் கை பச்சைக் கொடியை எடுத்து உயர்த்திவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

கட்டானியா மிஸ்டர் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடி வந்தான். முந்தின கிழமை என் கையைக் குலுக்கிய அதே கை இப்போது என் மூக்குக்கு நேரே ஆடியது.

"இவன் தகப்பன்! தகப்பன்! கொடியை இறக்கு!"

அவனுக்குப் பின்னால் அவனுடைய அணி, அதற்குப் பின்னால் கட்டானியாவிலிருந்து பேருந்தில் வந்த சனம். நோரா விசில் ஊதியபடி வந்து, "தொத்தோ, நீ என்ன கண்டாய்?" என்று கேட்டார். தொத்தோ தலையை மேலே நிமிர்த்தி நாக்கால் "ட்ஸ்" என்றான். சிசிலியில் அதற்கு இல்லை என்று பொருள். அந்தக் கணத்தில் வேலிக்கு அப்பால் ஒரு அம்மாவுக்கு வாள்மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தானாம்.

"அப்படியானால் சிவா மட்டும்தான் கண்டது," என்றார் நோரா. "சிவா, நிச்சயமா?"

தர்சினி கொஞ்சத் தூரத்தில் நின்றாள். இடுப்பில் கை, முகம் முழுக்கப் புழுதி. கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை இறக்கிவிடுவேன் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும் என்பது அந்த முகத்திலேயே இருந்தது. அது எனக்குச் சுட்டது.

வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், முதலில் வந்தது வழக்கமான சொல்தான்.

"ஸ்கூசி," என்றேன். மிஸ்டரின் முகம் மலர்ந்தது. "ஸ்கூசி, சிஞ்ஞோரே. ஆனால் அது கோல்."

"என்ன?"

"கோல். உள்ளே விழுந்தது. நான் கண்டேன்."

கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மிஸ்டர் என்னை என்னவெல்லாமோ சொன்னான். அவ்வளவையும் விளங்கிக்கொள்ளுமளவுக்கு இத்தாலியன் தெரிந்திருந்ததற்காக அன்றுதான் வருந்தினேன். கொடி இறங்கவில்லை.

நோரா யாரோடும் வாதாடவில்லை. நேரே கோலுக்குள் போனார், முழங்காலில் இருந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அப்படியே அசையாமல் இருந்துவிட்டார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கோட்டுக்கு உள்ளே, ஒரு முழம் தள்ளி, ஈர மண்ணில் சிவப்பாக ஒரு பொட்டு.

"சாங்குவே!" என்று யாரோ கத்தினார்கள். இரத்தம்! பங்கிலிருந்து வந்திருந்த அம்மாமார் சிலுவை அடையாளம் போட்டார்கள். தொத்தோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, பலெர்மோவின் காவல் புனிதையை அழைத்து, சாந்த ரொசாலியாவே என்றான். கோல் காவலாளி தன் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. கொஞ்சம் விட்டிருந்தால் அந்த இடத்தில் மெழுகுதிரி கொளுத்தியிருப்பார்கள்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தர்சினியும் அப்போதுதான் விளங்கிக்கொண்டு தலையில் கை வைத்தாள்.

"அப்பா, ஆலாத்தி!"

ஓம், ஆலாத்திதான். மாப்பிள்ளை பொம்பிளைக்குச் சுற்றுகிற தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீர் சிவக்குமே, அதேதான். என் பழைய கோடு மண்ணுக்குக் கீழே ஈரமாகக் கிடந்திருக்கிறது. பரமேஸ்வரியின் மஞ்சளோடு பந்து அதன் மேல் வந்து விழுந்திருக்கிறது. அன்று அந்த முனையில் புதுப் பந்து கோலுக்குள் தரையைத் தொட்டது அந்த ஒரு தரம்தான். பந்தின் அகலமோ ஒரு சாண், பொட்டு இருந்ததோ கோட்டிலிருந்து ஒரு முழம். தர்சினிதான் ஓட்டமான இத்தாலியனில் எல்லோருக்கும் விளக்கினாள்.

நோரா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பந்தை எடுத்து மிஸ்டரிடம் நீட்டினார். "செய்து பாருங்கள், தயவுசெய்து." அவன் பந்தில் விரலைத் தேய்த்து, ஈரச் சுண்ணாம்பில் வைத்தான். விரல் சிவந்தது. நம்பாமல் மற்றக் கையாலும் செய்து பார்த்தான். அதுவும் சிவந்தது. ஆத்திரத்தில் இரண்டு கையையும் வெள்ளைக் காற்சட்டையில் துடைத்தான். அதோடு வழக்கு முடிந்தது. நோரா என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நான் கொடியை இறக்கினேன்.

கிண்ணம் எங்களுக்கு என்று நினைத்தீர்களா? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இந்தக் கலவரத்தில் போன நேரத்தை நோரா ஒரு விநாடி குறையாமல் ஆட்டத்தில் சேர்த்துவிட்டார். எங்கள் பிள்ளைகள் இன்னும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, மறுமுனையில் வெள்ளைக் கொடி உயர்ந்தது. சமன். பதறிப்போய் எல்லோரும் முன்னுக்கு ஓட, மறுபடியும் உயர்ந்தது. ஆட்டம் முடிந்தது என்று நோரா விசில் ஊதிவிட்டார். ஒரு புள்ளியால் தோற்றோம். கட்டானியா மிஸ்டர் சிவந்த காற்சட்டையோடு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆனாலும் அந்தக் கோல் இன்னமும் அவன் மனதை விட்டுப் போகவில்லை என்பது இப்போது கமரா வந்தபோதுதான் எனக்குத் தெரிகிறது. அடுத்த கூட்டத்திலேயே மஞ்சள் விதியையும் முன்மொழிந்தது அவன்தான்.

நானும் தர்சினியும் வீட்டுக்கு நடந்தோம். என் வெள்ளை அங்கியைக் கண்டு ஒரு கிழவர் முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டார். "மஞ்சள் பூசுங்கோ" என்று தர்சினி இத்தாலியனில் சொல்லிவிட்டு வந்தாள். பரமேஸ்வரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, வெண்டியளோ?"

"இல்லை அம்மா, தோத்திட்டம். ஒரு புள்ளியாலை."

"பின்னை ஏன் பல்லைக் காட்டிக்கொண்டு வாறாய்?"

தர்சினி சப்பாத்தைக் கழற்றியபடி நடந்ததை எல்லாம் சொன்னாள். பொட்டு, தொத்தோவின் தொப்பி, மிஸ்டரின் காற்சட்டை எல்லாம். பரமேஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியோ? நான் வைச்ச மஞ்சள்தான் அப்பாவைக் காப்பாத்தினது."

"இல்லை அம்மா," என்றாள் தர்சினி. "மஞ்சள் தெரியவந்தது பிறகுதானே. அப்பா அதுக்கு முன்னமே கொடியை உயத்திட்டார். அவ்வளவு பேர் கத்தியும் இறக்கேல்லை."

அன்றிரவு எனக்கு இரண்டாம் தரமும் சோறு கிடைத்தது. போட்டது தர்சினி.